அழைப்பு வரும் முன்னே

அரசு வேலைக்கான அறிவிப்பு வெளியான மறுநாள் இ-சேவை மையங்களின் வாசலைப் பாருங்கள். வருமானச் சான்றிதழுக்கு ஒருவர் நிற்பார். சாதிச் சான்றிதழைத் தொலைத்துவிட்டு ஒருவர். ஆதாரில் இன்ஷியல் மாறிக் கிடக்கிறதென்று இன்னொருவர். படிப்பில் யாரும் குறைந்தவர்களில்லை. கடைசித் தேதிக்குள் இதெல்லாம் கைக்கு வருமா என்ற பதற்றத்தில்தான் பாதித் தைரியம் அங்கேயே கரைந்துபோகிறது. தன்னம்பிக்கையைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் மனசைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அதில் பெரும்பங்கு அலமாரியில் இருக்கிறது, மிச்சம் நாக்கிலும் கையிலும். வேலையோ, மேடையோ, சமையல் ஆர்டரோ, வெளிநாட்டுப் பயணமோ, எது வந்தாலும் "சரி, செய்யறேன்" என்று தயங்காமல் சொல்ல, அவசரமில்லாத நாட்களில் வீட்டிலேயே செய்து வைத்துக்கொள்ளக்கூடியவை இவை.

1. வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனி ஃபைல் போடுங்கள். "எல்லாம் அந்த நீலப் பையில இருக்கு" என்ற ஏற்பாடு, அவசரத்துக்குப் பையையே தலைகீழாகக் கொட்ட வைக்கும். ஃபைலின் முதல் பக்கத்தில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல். ஒன்றை வெளியே எடுத்தால், யார், எதற்காக எடுத்தார்கள் என்று பென்சிலால் ஒரு வரி எழுதிவிட்டு எடுக்க வேண்டும். ஃபைலை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் சுற்று வட்டாரத்திலும் கட்டிலுக்கு அடியிலும் பீரோவின் கீழ்த்தட்டிலும் இருந்த சான்றிதழ்கள்தான் முதலில் நனைந்தன. இழந்தவர்களுக்கு நகல் கொடுக்க அரசு தனி முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. பூச்சி அண்டாமல் இருக்க, வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து அதே தட்டில் ஓர் ஓரமாகப் போட்டு வைக்கலாம். காகிதத்தின் மேல் நேராகப் படக்கூடாது.

2. அசல் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பார்க்கப் பத்திரமாகத்தான் தெரியும். ஆனால் வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ போகும்போது சான்றிதழின் மேலேயே முத்திரை குத்த வேண்டி வரும். பிளாஸ்டிக் ஒட்டியதில் அதைச் செய்ய முடியாது. பிரிக்கப் போனால் எழுத்தும் சேர்ந்து உரியும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைகள் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும், அதில் செருகினால் போதும்.

3. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, உங்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார், பான், வங்கிப் புத்தகம், வாக்காளர் அட்டை எல்லாவற்றையும் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் 'சண்முகப்பிரியா' ஒரே சொல்லாக இருக்கும், இன்னொன்றில் இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒன்றில் இன்ஷியல் முன்னால், மற்றொன்றில் பின்னால். பான் அட்டையில் அப்பாவின் முழுப்பெயரே குடும்பப் பெயராக ஏறியிருக்கும். திருமணமான பெண்களுக்குக் கணவரின் இன்ஷியலும் சேர்ந்து குழப்பம் இரட்டிப்பு. அன்றாட வாழ்க்கையில் இதனால் ஒன்றும் குடிமுழுகாது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு உட்காரும் நாளில்தான், எதிரே இருப்பவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இது நீங்கதானா?" என்று கேட்பார். பெரும்பாலும் பத்தாம் வகுப்புப் பட்டியலில் உள்ளதைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொள்வார்கள், ஆகவே மற்றவற்றை அதற்கு ஏற்பத் திருத்துங்கள். பெயரே மாறியிருந்தால் அரசிதழில் வெளியிட வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏறவில்லையென்றால், பள்ளியில் சேர்க்கும்வரை காத்திராமல் இப்போதே ஏற்றுங்கள். பிறந்த ஓராண்டுக்குள் கட்டணமே கிடையாது.

4. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. 2010-ல் வந்த சட்டம் இது, 2020-ல் திருத்தினார்கள். பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் இப்போது போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும். இங்குதான் சிக்கல். தொடக்கப்பள்ளி ஓர் ஊரில், நடுநிலைப்பள்ளி இன்னோர் ஊரில், மேல்நிலை மூன்றாவது ஊரில் என்று படித்தவர்கள் ஏராளம். ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் தனித்தனியே கையெழுத்து வாங்க வேண்டும். அவர் விடுப்பில் இருப்பார், தேர்வுப் பணியில் இருப்பார், பழைய பதிவேடு பூட்டிய அறையில் இருக்கும், சாவி வேறொருவரிடம் இருக்கும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் மூன்று ஊருக்கும் ஓட நேரம் போதாது. அடுத்த முறை சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போகும்போது ஒரு நாள் முன்கூட்டியே போய், அதே பயணத்தில் பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பழைய வாத்தியாரையும் பார்த்த மாதிரி இருக்கும்.

5. எது காலாவதியாகும், எது ஆகாது என்று பிரித்து வையுங்கள். சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் அப்படி இல்லை, அவ்வப்போது புதிதாக வாங்க வேண்டும். மத்திய அரசு வேலைக்குக் கேட்கும் ஓ.பி.சி. சான்றிதழ் வேறு, நம் தாலுகா அலுவலகத்தில் வாங்கிய வழக்கமான சாதிச் சான்றிதழை அங்கே நீட்டினால் ஏற்க மாட்டார்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி.யின் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து ஆண்டு செல்லும். பாஸ்போர்ட் பெரியவர்களுக்குப் பத்து ஆண்டு, ஆனால் பல நாடுகள் அதில் இன்னும் ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும் என்று கேட்கும். ஆகவே ஒன்பதரை ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தேதிகளை ஒரு தாளில் எழுதி, பீரோ கதவின் உட்புறம் ஒட்டுங்கள். ஜனவரியில் புது நாட்காட்டி வந்ததும் அந்தந்த மாதத்தில் ஒரு சிவப்புக் குறி.

6. உங்கள் பெயரில் ஒரு செல்போன் எண் இருக்கட்டும், அதுவே ஆதாரிலும் வங்கியிலும் இணைந்திருக்கட்டும். பல வீடுகளில் மனைவியின் கணக்குக்கான ஓடிபி கணவரின் போனுக்குப் போகும். அவர் மீட்டிங்கில் இருப்பார், பஸ்ஸில் இருப்பார், போனை சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போயிருப்பார். விண்ணப்பத் திரையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். இதற்காக யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை. ஒரு நடை போய் எண்ணை மாற்றிவிட்டு வந்தால் ஆயிற்று. மின்னஞ்சல் முகவரியும் உங்களுடையதாக, பெயரை ஒட்டியதாக இருக்கட்டும். கல்லூரிக் காலத்தில் வேடிக்கையாக வைத்த முகவரியை வேலைக்கான விண்ணப்பத்தில் போட்டால் படிப்பவர் சிரிப்பார்.

7. வெள்ளைப் பின்னணியில் எடுத்த சமீபத்திய பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்றையும், வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் போட்ட கையெழுத்தையும் ஸ்கேன் செய்து போனில் தனி ஃபோல்டரில் வைத்திருங்கள். டி.என்.பி.எஸ்.சி. தளத்தில் படம் 20 முதல் 50 கே.பி.க்குள், கையெழுத்து 10 முதல் 20 கே.பி.க்குள் இருக்க வேண்டும். ஸ்டுடியோவில் படம் எடுக்கும்போதே "அப்ளிகேஷனுக்கு அப்லோட் பண்ற சைஸ்லயும் ஒண்ணு குடுங்க அண்ணா" என்று கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அச்சிட்ட படங்கள் ஒரு டஜன், பர்ஸில் இரண்டு. டிஜிலாக்கரிலும் சான்றிதழ்களை இறக்கி வைப்பது நல்லது. சட்டப்படி அவையும் அசலுக்குச் சமம்.

8. டைப்ரைட்டிங். இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் இன்றும் மாலை ஐந்து மணிக்கு இன்ஸ்டிட்யூட் வாசலில் சைக்கிள்கள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. தொழில்நுட்பக் கல்வித் துறை ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேர்வு நடத்துகிறது. ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. குரூப் 4 தேர்வில் தட்டச்சர் பதவிக்கு இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்பதால் போட்டியிடுகிறவர்கள் அங்கே குறைவு. ஒரே மதிப்பெண்ணில் மற்றவருக்குக் கிடைக்காத வேலை டைப்பிங் முடித்தவருக்குக் கிடைத்துவிடுகிறது. பிளஸ் டூ முடித்த கோடை விடுமுறையில் பிள்ளையைச் சேர்த்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் இடது சுண்டுவிரல் வலிக்கிறதென்று முனகுவான், அப்புறம் பழகிவிடும். வீட்டில் கணினி இருந்தால் 1999-ல் அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துப் பழகலாம். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

9. வண்டி ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இல்லை என்ற நிலையில் இருக்காதீர்கள். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், எடுத்த முப்பது நாள் கழித்துத்தான் பக்கா லைசென்ஸுக்குப் போக முடியும். அதாவது, "டூ வீலர் லைசென்ஸ் இருந்தா திங்கள்கிழமையே சேரலாம்" என்று ஒருவர் சொல்லும் வெள்ளிக்கிழமையில் எடுக்க ஆரம்பித்தால் அந்த வேலை போனதுதான். எட்டு போடுவதற்குப் பயப்படுகிறவர்கள், விடியற்காலையில் ஆளில்லாத மைதானத்தில் சாக்பீஸால் எட்டு வரைந்து, முதலில் சைக்கிளிலேயே நிதானமாகச் சுற்றிப் பாருங்கள். கண் சக்கரத்தைப் பார்க்காமல் போகிற வழியைப் பார்க்க வேண்டும். கால் தரையில் படாமல் வந்தால் பாதி பாஸ்.

10. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு எப்போதும் குக்கர் விசில் அடிக்கும்போதுதான் வரும். பதற்றத்தில் "யாரு? என்னது? கேக்கல!" என்று கத்திவிட்டு, அப்புறம்தான் அது விண்ணப்பித்த கம்பெனியிலிருந்து வந்தது என்று தெரியும். இதற்கு ஒரே ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்திருங்கள்: "வணக்கம் சார், பத்து நிமிஷத்துல நானே இதே நம்பருக்குக் கூப்பிடட்டுங்களா?" ஆங்கிலத்திலும் அதை ஒருமுறை சொல்லிப் பழகிவிடுங்கள். பத்து நிமிடத்தில் அடுப்பை அணைத்து, ஃபைலை எடுத்து, தண்ணீர் குடித்து, அமைதியான அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிடலாம். தாமதமாகப் பேசினாலும் நிதானமாகப் பேசினால் யாரும் குறை சொல்வதில்லை.

11. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற கேள்வி நேர்முகத் தேர்வில் வந்தே தீரும். பதில் மனசுக்குள் இருந்தால் போதாது, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி முன் பேசச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, கண் போவது தலைமுடிக்குத்தான். போனில் குரலைப் பதிவு செய்து கேளுங்கள். முதல் முறை கேட்கும்போது கூச்சமாக இருக்கும். எத்தனை "வந்து", எத்தனை "ஆக்சுவலி", எங்கே மூச்சு வாங்குகிறது என்று எல்லாம் அதில் வெளியே வந்துவிடும். அடுத்ததாக வீட்டில் வயதான ஒருவரிடம் உங்கள் படிப்பையும் செய்த வேலையையும் விளக்கிச் சொல்லுங்கள். பாட்டி நடுவில் நிறுத்தி, "அது சரி கண்ணு, அதனால யாருக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்பாள். நேர்முகத் தேர்வில் கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான்.

12. ஆங்கிலத்துக்கென்று தனி வகுப்புத் தேவையில்லாதவர்களும் ஒன்றை மட்டும் செய்ய வேண்டும்: பெயர், முகவரி, போன் எண், மின்னஞ்சல், படித்த கல்லூரி, ஆண்டு இவற்றைத் திக்காமல் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிச் சொல்லப் பழகுவது. தொடங்கும் முதல் நிமிடம் தடையில்லாமல் போனால் மற்றது தானாக வரும்.

13. நவராத்திரிக் கொலுவுக்குப் போன இடத்தில், "ஒரு பாட்டு பாடேன்மா" என்று கேட்கும்போது முகத்தைத் தாழ்த்திக்கொண்டு சுண்டலைப் பார்க்கிறவர்களுக்கு: மூன்றே பாட்டு போதும். ஒன்று அம்மன் மேல், ஒன்று எந்த வீட்டு விசேஷத்துக்கும் பொருந்துவது, ஒன்று குழந்தைகள் சேர்ந்து பாடக்கூடியது. முழு வரியும் மனப்பாடமாக இருக்க வேண்டும், பல்லவியோடு நின்றுவிடக் கூடாது. சுருதியைத் தெரிந்துவைத்திருப்பது இன்னும் முக்கியம். பெண்களில் பலருக்கு ஐந்து கட்டை, ஆண்களுக்கு ஒரு கட்டை ஒத்துவரும். ஆனால் உங்கள் தொண்டைக்கு எது என்று போனில் உள்ள சுருதிப் பெட்டி செயலியை வைத்து வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். உயரத்தில் ஆரம்பித்துச் சரணத்தில் குரல் கிழிவதுதான் அடுத்த வருஷம் வரைக்கும் வாயைத் திறக்க விடாமல் செய்கிறது. பாட்டு வராதவர்கள் இரண்டு நிமிட வாழ்த்துரை ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். வளைகாப்பு, பணி ஓய்வு, பள்ளி ஆண்டு விழா மூன்றுக்கும் கொஞ்சம் மாற்றிப் போட்டால் செல்லும்.

14. எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்து வைப்பதைவிட, ஒன்றைத் தூக்கத்திலும் செய்யும் அளவுக்குப் பழகுவது மேல். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் கிரிக்கெட் வீரர் நடராஜன் 2020-ல் ஆஸ்திரேலியாவுக்கு விமானம் ஏறியது வலைப் பயிற்சியில் மற்றவர்களுக்குப் பந்து போடத்தான். அணியில் ஒருவர் பின் ஒருவராகக் காயமடைய, டிசம்பர் 2-ஆம் தேதி கான்பெராவில் ஒருநாள் போட்டி, இரண்டு நாள் கழித்து அதே ஊரில் டி20, ஜனவரி 15-ஆம் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று மூன்று வடிவத்திலும் ஒரே பயணத்தில் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். மற்றவர்களின் காயத்தை அவர் எதிர்பார்த்திருக்க முடியாது. யார்க்கர் மட்டும் அவர் கையில் ஏற்கெனவே இருந்தது. அந்த ஆண்டு ஐ.பி.எல்.லில் அதை வைத்துத்தான் எல்லோரும் அவரைப் பேசினார்கள். உங்கள் யார்க்கர் எது என்று யோசித்துப் பாருங்கள். மைசூர்பாகாக இருக்கலாம், கணக்குப் பாடமாக இருக்கலாம், ஆரி வேலைப்பாடாக இருக்கலாம்.

15. சமையல் ஆர்டர் எடுக்கும் ஆசை உள்ளவர்கள் முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள். நாலு பேருக்கான அளவு கைக்குத் தெரியும், நாற்பது பேருக்கு என்றதும் வயிற்றைக் கலக்குவது அளவு எழுத்தில் இல்லாததால்தான். உங்கள் கிரைண்டரில் ஒரு கிலோ அரிசி மாவுக்கு, உங்கள் தட்டில், எத்தனை இட்லி வருகிறது என்று எண்ணி எழுதுங்கள். ஒரு கிலோ கொண்டைக்கடலை ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். ஆளுக்கு ஒரு கைப்பிடி என்றால் இருபத்தைந்து பேருக்குத் தாராளம். பெரிய அளவில் செய்யும்போது எல்லாவற்றையும் பத்தால் பெருக்கிவிடக் கூடாது. பெரிய பாத்திரத்தில், இருக்கும் அளவைப் பார்க்க நீர் ஆவியாவது குறைவு, ஆகவே சாம்பாருக்குத் தண்ணீரைக் குறைத்தே ஊற்றுங்கள். உப்பையும் மிளகாயையும் ஏழு மடங்கோடு நிறுத்தி, ருசி பார்த்து ஏற்றுங்கள். கூட்டினால் குறைக்க முடியாது. வீட்டு விசேஷம் ஒன்றில், பதினைந்து பேர் வரும் நாளில், வெளியாளைக் கூப்பிடாமல் நீங்களே முழுதும் செய்து, எத்தனை மணிக்கு ஆரம்பித்தீர்கள், எத்தனை மணிக்கு இறக்கினீர்கள், என்ன மிஞ்சியது, எது போதவில்லை என்று அன்றே குறித்துவிடுங்கள். அந்த ஒரு பக்கத்தை வைத்து நாற்பது பேருக்கு விலை சொல்லலாம். விலை சொல்லும்போது காஸ், ஆட்டோ, வாழையிலை, உங்கள் கூலி எல்லாம் அதில் இருக்க வேண்டும். பெண்கள் கடைசியாகச் சொன்னதைத்தான் எப்போதும் விட்டுவிடுகிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் இப்போதே செய்துகொள்ளலாம். சிறு அளவில் செய்கிறவர்களுக்குக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்தான். ஏதாவது அலுவலக கேன்டீன் ஆர்டர் வரும்போது அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பார்கள்.

16. போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் வீட்டில் ஒத்திகை பார்க்கும்போது நேரத்தையும் சேர்த்து ஒத்திகை பாருங்கள். குரூப் 4-க்கு 200 கேள்வி, மூன்று மணி நேரம், காலை ஒன்பதரைக்குத் தொடங்கும். இரவு பதினொரு மணிக்கு நன்றாகப் படிக்கிறவருக்குக் காலை பத்தரைக்குக் கண் சொருகும். ஆகவே ஞாயிறு காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்து பன்னிரண்டரைக்குத்தான் எழ வேண்டும். கறுப்பு பால்பாயின்ட் பேனாவால் வட்டத்தைக் கறுத்துப் பழகுங்கள். ஜெராக்ஸ் கடையில் மாதிரி ஓ.எம்.ஆர். தாள் கிடைக்கும். விடை தெரியாத கேள்விக்கு ஐந்தாவதாக 'இ' என்றொரு வட்டம் உண்டு, அதையும் நிரப்பியே ஆக வேண்டும், வெறுமனே விடக்கூடாது. இதைத் தேர்வு அறையில் முதல்முறையாகப் பார்த்துத் திகைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மூன்று மணி நேரமும் வீட்டில் டிவி வழக்கம்போல ஓடட்டும். தேர்வு அறையிலும் மின்விசிறி கிறீச்சிடும், வெளியே ஏதாவது வண்டி ஹாரன் அடிக்கும்.

17. வீட்டில் படிக்க இடமில்லை என்பவர்களுக்கு நூலகம் இருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே உண்டு. மதுரையில் 2023 ஜூலையில் கலைஞர் நூலகம் திறந்தாயிற்று. மாவட்ட மைய நூலகங்களிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்தால் போனை எடுக்கக் கை கூசும். சமச்சீர்ப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைப்பதால், விலை கொடுத்து வாங்கும் கையேட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

18. நல்ல நாளுக்கென்று ஒரு செட் உடை தனியாக இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். ரவிக்கையின் கைப்பகுதிதான் முதலில் இறுகும், ஆகவே தைக்கக் கொடுக்கும்போதே உள்தையலுக்குத் துணி விடச் சொல்லுங்கள். பருத்திப் புடவைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தால்தான் மடிப்பு நிற்கும். புதுச் செருப்பை அன்றைக்கே போடாதீர்கள், வீட்டுக்குள் ஒரு வாரம் நடந்து பழக்குங்கள். கைப்பையில் இரண்டு ஊக்கு, ஒரு கைக்குட்டை, ஒரு கறுப்பு பேனா.

19. மாதம் நூறு ரூபாயிலிருந்து அஞ்சலகத்தில் ஆர்.டி. கட்டலாம். வீட்டுச் செலவுக்கென்று அதைத் தொடக்கூடாது. விண்ணப்பக் கட்டணம், ரயில் டிக்கெட், ஒரு குறுகிய காலப் பயிற்சி வகுப்பு, இவற்றுக்கு யாரிடமும் கேட்க வேண்டியிராத பணம் கையில் இருப்பவர் பேசும் குரலே வேறு. பெண் குழந்தைக்குப் பத்து வயது ஆவதற்குள் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கிவிடுங்கள். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். அவள் பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ பதினெட்டு வயதான பிறகோ மேல்படிப்புக்காக இருப்பில் பாதிவரை எடுக்கலாம்.

20. வீட்டை விட்டு ஒரு நாள் வெளியே போய்ப் பாருங்கள். இது குடும்பத் தலைவிகளுக்கு. வாரநாள் ஒன்றில், காலை ஏழு மணிக்குக் கிளம்பி அக்கா வீட்டுக்கோ தோழி வீட்டுக்கோ போய்விட்டு இருட்டிய பிறகு வாருங்கள். முன்கூட்டிச் சமைத்து வைக்காதீர்கள், எதையும் எடுத்து வைக்காதீர்கள். எட்டு மணிக்குள் போன் வரும்.

"ஏம்மா, மோட்டார் சுவிட்ச் எது? வெளிய இருக்கறதா, உள்ள இருக்கறதா?"

அடுத்தது மாமியார். "பால்காரர் போன மாசப் பாக்கின்னு கேக்கறார்மா, எவ்வளவு குடுக்கட்டும்?"

"ஆறு லிட்டர் எக்ஸ்ட்ரா வாங்கினோம் அத்தை. நான் சாயங்காலம் வந்து பாத்துக்கறேன்னு சொல்லிடுங்க."

பிறகு பிள்ளை, பெல்ட்டைக் காணோம் என்று. வந்த ஒவ்வொரு அழைப்பையும் எழுதிக்கொள்ளுங்கள், கோபப்பட வேண்டாம். அன்று ராத்திரி அதையே பட்டியலாக்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்: மோட்டார் போடும் நேரம், தொட்டி நிறைய எத்தனை நிமிடம், காஸ் பதிவு எண், பள்ளி வேன் டிரைவர், மாமனாரின் பி.பி. மாத்திரை காலையா ராத்திரியா, ரேஷன் கார்டு இருக்கும் இடம். அடுத்த மாதம் இன்னொரு நாள் போங்கள். அழைப்புகள் குறைந்திருக்கும். வேலைக்குப் போக விரும்பும் பெண்கள் பலர் பின்வாங்குவது நேர்முகத் தேர்வுக்குப் பயந்து என்று வெளியே சொல்லிக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை, "அந்த ஒரு நாள் வீடு என்னாகும்" என்ற கேள்விக்கு விடை இல்லாததுதான் காரணம். அதற்கான விடையை வேலை கிடைப்பதற்கு முன்பே வீட்டில் எல்லோரும் சேர்ந்து கண்டுபிடிப்பது நல்லது. கணவருக்குத் தோசை வார்க்கத் தெரிந்தால் உபரி லாபம்.

21. குழந்தைக்காகவோ பெரியவர்களைப் பார்த்துக்கொள்வதற்காகவோ வேலையை விட்டவர்கள், அந்த ஆண்டுகளில் செய்ததையும் எழுதிவைக்க வேண்டும். குடியிருப்போர் சங்கக் கணக்கு பார்த்தது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது, மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் வரவு செலவு எழுதியது எல்லாம் ரெஸ்யூமேயில் இடம்பெறலாம். பழைய அலுவலகத்தில் ஒரு சீனியரோடு பொங்கலுக்கும் தீபாவளிக்குமாவது பேசிக்கொண்டிருங்கள். திடீரென்று ஏழு ஆண்டு கழித்து, "சார், என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்பது இரண்டு பேருக்கும் சங்கடம்.

22. தயாராகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். "என்னாச்சு, ரிசல்ட் வந்துச்சா?" என்று கேட்கும் வாய்கள் அதிகமானால் படிப்பைவிட பதிலைத் தயாரிக்கவே நேரம் போகும். வீட்டில் இரண்டு பேருக்குத் தெரிந்தால் போதும்.

23. தயாரிப்புக்கும் ஒரு எல்லை உண்டு. இன்னொரு புத்தகம், இன்னொரு கோர்ஸ், இன்னும் ஆறு மாதம் என்று தள்ளிக்கொண்டே போகிறவர்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். விளம்பரத்தில் கேட்டிருக்கும் பத்துத் தகுதியில் ஏழு இருந்தால் தனியார் வேலைக்கு விண்ணப்பித்துவிடுங்கள், மீதி மூன்றை அவர்கள் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம். அரசு வேலைக்கு இது பொருந்தாது. அங்கே கேட்டது கேட்டபடி இருக்க வேண்டும்.

24. முதல் நாளே தேர்வு மையத்தையோ அலுவலகத்தையோ போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரே பெயரில் ஊருக்குள் இரண்டு பள்ளி இருப்பது சகஜம், ஆட்டோக்காரர் எப்போதும் மற்றதற்குத்தான் கூட்டிப் போவார். எந்த பஸ், எத்தனை நிமிடம், பக்கத்தில் நல்ல டீக்கடை எது, கழிப்பறை எங்கே என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

25. நேர்முகத் தேர்வு முடிந்து வந்த அன்றிரவு, கிடைத்ததோ இல்லையோ, கேட்ட கேள்விகளை ஒன்று விடாமல் எழுதுங்கள். மறுநாள் பாதி மறந்துவிடும். எந்தக் கேள்விக்குத் தடுமாறினீர்களோ அதன் ஓரத்தில் ஒரு புள்ளி. அந்தத் தாளை உங்கள் ஃபைலிலேயே, வருமானச் சான்றிதழுக்குப் பின்னால் செருகிவிடுங்கள். அடுத்த முறை விண்ணப்பிக்க ஃபைலைத் திறக்கும்போது கையில் தட்டுப்பட வேண்டும்.